காறாத எண்ணெய்

அவர் வருகிறார் என்று தெரிந்தால் எங்கள் தெருப் பெண்கள் முறுக்குத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். திருடிவிடுவார் என்று அல்ல, மோந்து பார்த்துவிடுவார் என்றுதான்.

மோந்து பார்ப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வார். மூக்கு நுனி லேசாக விரியும். பிறகு உலகத்திலேயே மரியாதையான குரலில், "தப்பா நெனைச்சுக்காதீங்க, எண்ணெய் கொஞ்சம் காறுதுங்க" என்பார். எண்ணெய் பழசாகிச் சிக்கு வாடை அடிக்கிறது என்று அர்த்தம். எங்கள் கொங்கு நாட்டில் ஒருவரை வைவதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் வைவோம். ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் இடுப்பு ஒடிய மாவு பிசைந்து சுட்டு எடுத்தவளிடம் போய் இதைச் சொன்னால், எத்தனை 'ங்க' போட்டாலும் அவள் மனசு ஆறாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் காங்கேயத்துக்கு வெளியே இருந்த ஒரு கடலை எண்ணெய் மில்லில் அவர் கெமிஸ்ட். நான் அதே மில்லின் எண்ணெய்க்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற ஆள். நீலகிரியில் பைக்காரா ஆற்றுத் தண்ணீரில் எடுத்த கரண்ட் எங்கள் பக்கம் வந்த புதுசு. மோட்டார் வைத்து எண்ணெய் ஆட்டத் தொடங்கிய எங்கள் முதலாளி, கெமிஸ்ட் இல்லாத மில் ஒரு மில்லா என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மதராஸில் ரசாயனம் படித்த இவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'கெமிஸ்டுங்க' என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

கூட்டிவந்ததற்காக முதலாளி பல்லைக் கடித்த நாட்கள் உண்டு. கோயமுத்தூரிலிருந்து ஒரு வியாபாரி வந்து எண்ணெயைக் கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுசாக ஆட்டியது என்று முதலாளி சத்தியம் செய்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் நின்ற இவர் மெதுவாக, "இல்லீங்க, இது மாசி மாசத்து எண்ணெய்ங்க. புதுசு அந்தக் கோடியில இருக்குதுங்க" என்று கையைக் காட்டினார். வியாபாரி அன்றைக்கு எழுந்து போய்விட்டார். ஆனால் மறு மாசமே திரும்பி வந்து, "கெமிஸ்டு மோந்தாச்சுங்களா? அப்ப அனுப்புங்க" என்றார். அதற்குப் பிறகு முதலாளி பல்லைக் கடித்தபடியே அவரை வைத்துக்கொண்டார்.

பொய் சொல்லக்கூடாது என்று அவருக்கு ஒரு கொள்கையும் கிடையாது. சொல்ல வராது, அவ்வளவுதான். சிலருக்கு விசில் அடிக்க வராதே, அந்த மாதிரி.

என் வீட்டுக்காரிக்கு அவர்மேல் இரக்கம் உண்டு. அவர் வந்தால் வாழைப்பழமும் மோரும் வைப்பாள். "இதுல எண்ணெய் இல்லீங்க, தைரியமாச் சாப்பிடுங்க" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். பழத்தையும் ஒரு தரம் மூக்கருகே கொண்டுபோய்விட்டுத்தான் உரிப்பார். எங்கள் வீட்டில் அவர் உட்காரும் நேரம் வரவர நீண்டுகொண்டே போனது. போய்ச் சேர்ந்தால் கதவைத் திறக்க அவர் வீட்டில் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். கிளம்புங்கள் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. கொட்டாவி மட்டும் விட்டிருக்கிறேன்.

ஒரு தீபாவளி மத்தியானம் அவர் வீட்டுப் பக்கம் போனேன். தெரு முழுக்கத் தட்டுகள் வீடு மாறிக்கொண்டிருந்தன. இந்த வீட்டுப் பலகாரம் அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுப் பலகாரம் எதிர்வீட்டுக்கு. பாவாடை கட்டிய சின்னப் பெண் ஒருத்தி தட்டோடு வந்து அவர் வாசலைப் பார்த்தாள், ஒரு கணம் நின்றாள், தாண்டிப் போய்விட்டாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உள்ளே வேகவைத்த கடலைக்காயை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க, கடலைக்காய் திங்கலாம்" என்றார். "இதுக்கும் எண்ணெய் வேண்டாமுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கூட உட்கார்ந்து பலகாரம் தின்ன ஆள் இல்லாத வீட்டில் தீபாவளி எவ்வளவு நீளமான பகல் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவருக்குக் கல்யாணமாகி இருந்தது. மனைவி ஆனைமலையில் பிறந்த வீட்டில் இருந்தார். கோபித்துக்கொண்டு போகவில்லை. போன இடத்தில் நின்றுவிட்டார். காரணம் அந்த மூக்குதான்.

மாமனாருக்கு ஆனைமலையில் சொந்தச் செக்கு, எண்ணெய்க் கடை. ஊரில் எந்த நல்ல காரியம் என்றாலும் அவர் கடை எண்ணெய்தான். அவருடைய பையன் கல்யாணத்துக்கு இவரும் மனைவியும் பத்து நாள் முன்னதாகவே போயிருந்தார்கள். கல்யாணத்தன்று சம்பந்திகள் எல்லோரும் இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கச்சாயம் பரிமாறுகிறார்கள். வெல்லப்பாகில் அரிசி மாவு போட்டுச் சுடும் அந்தப் பலகாரம் இல்லாமல் எங்கள் பக்கத்தில் கல்யாணம் கிடையாது. மூத்த மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக மாமனார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாப்பிள்ளை, கச்சாயம் எப்பிடிங்க?" என்று கேட்டிருக்கிறார்.

இவர் கச்சாயத்தை எடுத்தார். கண்ணை மூடினார். "தப்பா நெனைச்சுக்காதீங்க மாமா, எண்ணெய் காறுதுங்க" என்றார்.

சம்பந்திகள் கச்சாயத்தை மட்டும் இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிட்டார்கள். அப்படி ஒதுக்கியதைவிட நாலு வார்த்தை திட்டியிருந்தால் மாமனார் பொறுத்திருப்பார். அன்று சாயங்காலம் இவர் பஸ் ஏறினபோது மனைவி ஏறவில்லை.

அந்தக் கடை என் வழியில் இருந்தது. தன் செக்கு எண்ணெய் போதாதபோது மாமனார் எங்கள் மில்லிலிருந்து நாலைந்து டின் எடுப்பார். அதனால் இரண்டு பக்கத்துக்கும் சேதி கொண்டுபோகிற வேலை, யாரும் கேட்காமலே, என் தலையில் விழுந்தது. ஒரு தடவை நான் மெல்லப் பேச்செடுத்தேன். மாமனார் கல்லாப் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"எண்ணெய்னா நாளாக நாளாகக் காறத்தான் செய்யுமுங்க. காறாத எண்ணெய் எந்த ஊர்ல இருக்குது? உங்க கெமிஸ்டை ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. பொங்கல் நோம்பிக்கு அவரு கையால ஒரு எண்ணெய் வரட்டும். எங்க ஊட்டு அட்டாலிப் பரண்ல வெக்கறேன். சித்திரை வெயில் தாண்டியும் காறாம இருந்துதுன்னா, சபையில சொன்னது சரிதான்னு ஒத்துக்கறேன். எம் புள்ளையையும் அவரு கூட அனுப்பி வெக்கறேன்."

பேச்சு நடந்தபோது கெமிஸ்டின் மனைவி, நான் அம்மணி என்று கூப்பிடுகிறவர், கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த கதவருகில் நின்றிருந்தார். அப்பா எழுந்து போனதும், "நேரத்துக்குச் சாப்பிட்டுக்கறாருங்களா?" என்று கேட்டார். கடலைக்காய் வேகவைத்துச் சாப்பிடுகிறார் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

காங்கேயம் திரும்பி வந்து இதைச் சொன்னேன். அவமானமாக எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முகம் விடிந்துவிட்டது. மாமனார் குத்திக்காட்டத்தான் சொன்னார் என்பது அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டார்.

மில்லின் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. அதில் வரிசையாகப் பழுப்பு பாட்டில்கள். எல்லாம் கோயமுத்தூரில் வெள்ளைக்காரர்கள் குடித்துப்போட்ட பீர் பாட்டில்கள். வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெடும், பழுப்புக் கண்ணாடி அதைத் தடுக்கும் என்று சொல்லித் தேடித்தேடி வாங்கிவந்திருந்தார். மில் ஆட்கள் அதை வைத்து அவரைக் கிண்டலடிப்பார்கள். ஒருநாள் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு கூடை நெல்லிக்காயைக் காட்டினார்.

"எண்ணெய் தானாக் கெடறதில்லீங்க. காத்துதான் அதைக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுது. நெல்லிக்காயில ஒரு சத்து இருக்குதுங்க. வைட்டமின் சி-ன்னு சொல்றாங்க, இப்பத்தான் தனியாப் பிரிச்செடுத்திருக்காங்க. காத்து எண்ணெய் மேல கை வெக்கறதுக்கு முன்னாடி இது குறுக்க போய் நின்னுக்கும். தன்னைத் தின்னக் குடுத்துப்போட்டு எண்ணெயைக் காப்பாத்தும்."

"பாவமுங்க அந்த நெல்லிக்காய்" என்றேன் கேலியாக.

"ஆமாங்க" என்றார் அவர், கேலி என்றே தெரியாமல். "அது தீர்ந்துபோச்சுன்னா அப்பறம் எண்ணெயும் போயிருமுங்க."

சொல்வது சுலபம். நெல்லிச் சாற்றை நேராக விட்டால் எண்ணெயில் கலக்கவில்லை. தண்ணீர் அடியில் தங்கி நாலு நாளில் புளித்துப்போய், இருந்த எண்ணெயையும் கெடுத்தது. காயை வெயிலில் காயவைத்தால் சத்து செத்துவிட்டது. நிழலில் காயவைத்தார். இடித்தார். ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினார். அதை எண்ணெயில் சேர்த்து, பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிற்கவைத்து, ஸ்பிரிட் பறந்து போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இது எனக்கு விளங்கிய மட்டும். அவர் சொன்னதில் பாதிக்குமேல் எனக்கு ஏறவில்லை. ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "செம்பு, பித்தளை ரெண்டும் பக்கத்துல வரக்கூடாதுங்க. எண்ணெயையும் கெடுக்கும், நெல்லிச் சத்தையும் கொன்னுபோடும்." மில்லில் இருந்த பித்தளைக் கரண்டிகளை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு அகப்பை வாங்கிவைத்தார். அவருடைய கிறுக்குகளில் இதுவும் ஒன்று என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

இரண்டு நெல்லிக்காய்ப் பருவம் போனது. இரண்டாவது வருஷக் கோடை முடிவில் என்னை உட்காரவைத்துக் கண்ணைத் துணியால் கட்டினார். இரண்டு பாட்டிலை ஒன்றன்பின் ஒன்றாக என் மூக்கில் பிடித்தார். முதலாவது குப்பென்று சிக்கு வாடை அடித்தது, விளக்குத் திரியின் பழைய எண்ணெய் மாதிரி. இரண்டாவது, இப்போதுதான் ஆட்டி வைத்த மாதிரி கடலை வாசம். இரண்டும் ஒரே நாளில் அடைத்தவை என்றார். துணியை அவிழ்த்துப் பார்க்கிறேன், அவர் இரண்டாவது பாட்டிலை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"ஊட்டுக்கு வந்துருவாங்க இல்லீங்களா?" என்றார். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த பொங்கல் நோம்பிக்கு நான் ஆனைமலை போனேன். ஒரு பீர் பாட்டில் நிறைய எண்ணெய், கழுத்தில் மெழுகு. "பாட்டிலோட அப்பிடியே குடுத்துருங்க. திறக்க வேண்டாமுங்க" என்று பஸ் கிளம்புகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார். தாமும் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு மாப்பிள்ளை எப்படிப் போவார்?

இனிமேல் சொல்லப்போவது என் லட்சணம்.

பொள்ளாச்சியில் இறங்கி வேறு பஸ்ஸுக்கு நின்றேன். கையில் பீர் பாட்டில். நோம்பி நாள். பார்க்கிறவர்கள் எல்லாம் பாட்டிலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்குக் கூசியது. பெண் கொடுத்த வீட்டுக்கு, நல்ல நாளில், வெள்ளைக்காரன் குடித்துப்போட்ட பாட்டிலை நீட்டுவதா? எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒன்று கொண்டுபோனால் நல்ல பாத்திரத்தில் தளும்பக் கொண்டுபோக வேண்டும். பாத்திரமும் அவர்களுக்கே. எதிரில் பாத்திரக் கடை. தங்கம் மாதிரி மின்னுகிற ஒரு பித்தளைத் தூக்குப்போசி. அதை வாங்கினேன். மெழுகை உடைத்தேன். ஊற்றினேன். பாட்டிலைச் சாக்கடையில் போட்டேன். அவர் நூறு தடவை சொன்னது என் காதில் இருந்தது. 'ஒரு கரண்டிக்கு இத்தனை பண்ணுகிற மனுஷன், இவருக்கு வேறு வேலை என்ன' என்றுதான் நினைத்துக்கொண்டேன். அவருக்கு மரியாதை தேடித் தருவதாக வேறு எனக்கு ஒரு பெருமை.

மாமியார் போசியைப் பார்த்து முகம் மலர்ந்தார். மாமனார் கையாலேயே அட்டாலியில் ஏற்றி வைத்தார்.

சித்திரை முடிந்ததும், பார்த்துவிடலாம் என்று மாமனாரே ஆள் அனுப்பினார். இரண்டு பேரும் போனோம். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார் அவர்.   போசியைப் பற்றி வழியிலாவது நான் சொல்லியிருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டு வந்தேன்.

கூடத்தில் நாலைந்து உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். போசி கீழே வந்தது. மாமனார் மூடியைத் திறந்தார். மோந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கூடம் முழுக்க அடித்தது சிக்கு வாடை.

அவர் போசியைக் கையில் வாங்கினார். எண்ணெயை மோந்தார். பிறகு போசியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுலயேதான் வந்துதுங்களா அத்தை?" என்று மாமியாரைக் கேட்டார்.

"ஆமாங்க மாப்பிள்ளை. நீங்க குடுத்துவிட்ட போசிதானுங்களே. நாங்க மூடியைக்கூடத் திறக்கலீங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. அந்த ஒரு பார்வையில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மாமனார் முன்னால், அத்தனை பேர் நடுவில், 'நான்தான் பாட்டிலை மாற்றினேன்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லாமல் இருக்கத் தெரியாத மனுஷன்தானே.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் வழி சரியில்லீங்க மாமா" என்றார். "நெல்லிச் சத்து நிக்கலீங்க. நீங்க சொன்னதுதான் சரி. எண்ணெய்னா காறத்தான் செய்யும்."

மாமனாருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அதனால என்னங்க மாப்பிள்ளை, இருந்து சாப்பிட்டுப் போங்க" என்று உபசரிக்கக்கூடச் செய்தார். கதவருகில் அம்மணி நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டே இருந்தார், வெளியே வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி இவர் எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் நான் அழாத குறையாக, "சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"நீங்க மருவாதிக்குச் செஞ்சதுங்க. அதைச் சொல்லிப்போட்டா அப்பறம் அந்தக் கடைப்படி எப்பிடி ஏறுவீங்க?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நெல்லிக்காய்க் கொட்டகைப் பக்கம் அவர் அதற்குப் பிறகு போகவில்லை. பாட்டில்களை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வருஷமே பம்பாய்ப் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். காறிப்போன எண்ணெயைத்தான் மலிவாக வாங்கிச் சோப்புக் காய்ச்சுவார்கள். அந்த மூக்கை வைத்துக்கொண்டு அங்கே எப்படி இருந்தாரோ. ஒரு கார்டு வந்தது. 'இங்கே மோந்து பார்க்க வேண்டிய வேலை இல்லை, சௌகரியம்' என்று எழுதியிருந்தார். நான் போட்ட பதிலுக்குப் பதில் இல்லை.

மூன்று வருஷம் கழித்து ஆனைமலை மாமனார் காலமானார். துக்கம் கேட்கப் போனேன். கடையை அம்மணிதான் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு, இனியும் மறைத்தால் தூக்கம் வராது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொள்ளாச்சி, பாத்திரக் கடை, பித்தளைப் போசி, சாக்கடையில் போட்ட பாட்டில், எல்லாம்.

"அன்னைக்கே தெரியுமுங்க" என்றார் அம்மணி.

எப்படி என்று கேட்டேன்.

"எண்ணெய்க்காரர் ஊட்டுப் புள்ளைக்குப் பித்தளை வாடை தெரியாதுங்களா? அவரு பித்தளையைத் தொடமாட்டாருங்கறதும் எனக்குத் தெரியும். உங்களைப் பாத்தாரு, தலையைக் குனிஞ்சாரு. உங்களுக்காகச் சொல்றாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க."

"அப்பறம் ஏனுங்க அம்மணி, அன்னைக்கே நீங்க அவரு கூட..."

"போறதுன்னுதானுங்க இருந்தேன். எண்ணெய் எப்பிடி இருந்தாலும் போயிர்றதுன்னு பெட்டியைக் கட்டி வெச்சிருந்தேன். பாவம், இந்த மனுசனுக்குப் பொய்யே சொல்ல வராது, அதுக்கு அவரு என்ன பண்ணுவாருன்னு ரெண்டு வருசமா மனசைத் தேத்தி வெச்சிருந்தேனுங்க." கல்லாப் பெட்டியை மூடினார். "வருதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உங்களுக்காக வந்துதுங்க. அந்தக் கல்யாணத்துல எங்கப்பன் அத்தனை சனத்துக்கு முன்னாடி நின்னப்ப, எனக்காக வரலையே."

கடைக்கு ஆள் வந்துவிட்டது. அம்மணி எழுந்து எண்ணெய் அளக்கப் போனார். கெமிஸ்ட் இப்போது எங்கே இருக்கிறார் என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.